தண்ணி மாத்திரை

மார்ச் 3

தங்கச்சிக்கு,

கவரைப் பிரிக்காம குப்பையில போட்டிருந்தா, இதைப் படிக்கிற குப்பை அள்றவருக்கு என் வணக்கம். பிரிச்சிருந்தா, நான்தான், உன் அண்ணன். உயிரோடதான் இருக்கேன், ஏமாந்து போகாதே.

நீ என்கிட்ட பேசி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு. மச்சானை எடுத்துட்டுப் போன அன்னைக்கு, அத்தனை பேர் முன்னாடி, இனிமே உன் குரலையே கேக்க மாட்டேன்னு சொன்ன. குரலைத்தான் சொன்ன. கையெழுத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நாப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவனுக்கு எந்தச் சந்துல கையை விடலாம்னு தெரியாதா.

சேதிக்கு வர்றேன். ஜனவரியில ஒரு நாள் வீட்டுக் கதவுல சாவியைப் போடுறேன், நெஞ்சு மேல யாரோ சம்மணம் போட்டு உக்காந்தாப்ல இருந்துச்சு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி. பயப்படாதே. நீ பயப்பட மாட்டே, தெரியும், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்ப என்னை ஒண்டிக்கட்டைன்னு எவனும் சொல்ல முடியாது. வீட்டுல ஏழு மாத்திரை குடித்தனம் இருக்கு. பேரெல்லாம் இங்கிலீஷ்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கறதால நானே பேர் வச்சுட்டேன். வட்டமா வெள்ளையா ஒருத்தன், அவன் பேரு பிரேக்கு. அவனைப் போட்டா ஆளு அடங்கி ஒடுங்கிடுறேன். இன்னொருத்தன் தண்ணி மாத்திரை. தண்ணின்னதும் மூஞ்சியைச் சுளிக்காதே, அந்தத் தண்ணி இல்ல. இவன் உள்ள போன அரை மணியில என்னை கக்கூஸுக்கு விரட்ட ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் விட மாட்டான். அப்புறம் இருமல் வாத்தியார். தொண்டையில ஒண்ணும் இருக்காது, ஆனா பாடம் நடத்தற மாதிரி இருமிக்கிட்டே இருக்கணும். நாலாவது வயித்தெரிச்சல்காரி, பேரே சொல்லுது. அஞ்சாவது ராத்திரி டூட்டி, படுக்கறப்ப போடுறது, கெண்டைக்கால்ல வலி. ஆறாவது நாக்குக்கு அடியில வைக்கிற பொட்டு, நெஞ்சு வலிச்சா மட்டும். வச்சா நெஞ்சு விட்டுடும், தலை பிடிச்சுக்கும். போன மாசம் மருந்து வாங்கப் போனப்ப ஏழாவதா ரோஸ் கலர்ல ஒருத்தன் வந்து சேந்தான். அவனுக்கு இன்னும் பேர் வைக்கல. குணம் தெரியட்டும்னு பாக்கறேன்.

டாக்டர்கிட்ட இவனுங்கள்லாம் யாருன்னு கேட்டேன். கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே எல்லாம் ஹார்ட்டுக்குத்தான்னாரு. அது எனக்குத் தெரியாதா. கால் நகத்துக்கா குடுப்பாங்க.

நீ நாப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல உக்காந்தவ. உலகத்துக்கே சொன்ன, எனக்கு ஒரு வரி எழுது. போன் பண்ணாதே, காது போச்சு, போன்ல எல்லாரும் வண்டு மாதிரி பேசறாங்க. அவசரம்னா கீழ இருக்கற வாட்ச்மேன் நம்பர் கவருக்குப் பின்னாடி இருக்கு.

வாயாடி அண்ணன்

மார்ச் 9

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நிறத்தை வைத்து மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாது. ஒரே மருந்தைப் பத்துக் கம்பெனிகள் பத்து நிறத்தில் செய்கின்றன. நீங்கள் எழுதியதை வைத்து ஊகமாகத்தான் சொல்கிறேன். பிரேக் என்று நீங்கள் சொல்வது இதயத்தின் வேகத்தைக் குறைப்பது. அடிபட்ட இதயம் மெதுவாகத் துடித்தால்தான் அதற்கு ஓய்வு கிடைக்கும். அதனால் சோர்வு வரும், கை கால் சில்லென்று இருக்கும். தண்ணீர் மாத்திரை உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். ரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்து நிதானித்து எழுங்கள். இருமல் தருவது குழாய்களைத் தளர்த்தி விரிப்பது. சிலருக்கு அந்த வறட்டு இருமல் விடாது. டாக்டரிடம் சொன்னால் இருமல் வராத வேறொன்றுக்கு மாற்றுவார். நீங்களாக மாற்றக் கூடாது. உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வயிற்றெரிச்சல் தருவது ரத்தம் உறையாமல் காப்பது, சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். படுக்கும்போது போடுவது கொழுப்புக்கு. கால் வலி அதிகமானால் சொல்ல வேண்டும். நாக்கின் அடியில் வைப்பதை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றால் விழுவீர்கள்.

ரோஸ் நிறம் எனக்குத் தெரியவில்லை. எல்லா அட்டைகளின் பின்பக்கமும் உள்ள எழுத்துகளைப் பார்த்து அப்படியே வரைந்து அனுப்புங்கள். படிக்க வேண்டாம், படம் வரைவதுபோல வரையுங்கள். பெரிய எழுத்து மட்டும் போதாது. அதற்குக் கீழே பொடியாக இருப்பதும் வேண்டும்.

எதையும் நிறுத்தக் கூடாது. குறிப்பாக அந்த பிரேக்கைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் இதயம் கட்டுக்கு அடங்காமல் எகிறும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விருந்தாளிகள் எதிரில், "டப்பாவோட குடித்தனம் பண்றியா மச்சான்" என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் சிரித்தார். மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. இருபத்தாறாம் நாள் பஸ் பணிமனை ஓய்வறை பெஞ்சில் சாய்ந்தார், எழவில்லை.

உங்கள் கடிதத்தில் நிறைய வேடிக்கை இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவள்,
தங்கை

மார்ச் 14

தங்கச்சிக்கு,

நீங்கள், உங்கள்னு எழுதியிருக்க. யாரோ தலைமை ஆசிரியருக்கு லீவு லெட்டர் எழுதினாப்ல இருக்கு. எனக்குப் பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தேன். சரி, மரியாதை குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதான், இந்த வயசுல யாரு குடுக்கறா.

நீ கேட்ட படம் அடுத்த காகிதத்துல இருக்கு. கண்ணாடி போட்டு, பூதக்கண்ணாடியும் வச்சு, ரெண்டு நாள் வரைஞ்சேன். வெள்ளைக்காரனுக்கும் ரோஸ்காரனுக்கும் பெரிய எழுத்து வேற வேற. கீழ பொடி எழுத்து ரெண்டுக்கும் ரெண்டு கூடாரம் ஒட்டினாப்ல ஒரு எழுத்துல ஆரம்பிக்குது. கண்ணு எரிஞ்சதால வெள்ளைக்காரனைப் பாத்தே ரோஸ்காரனையும் எழுதிட்டேனோன்னு சந்தேகம் வந்து மறுபடி பாத்தேன். அப்படியேதான் இருக்கு. இந்த கம்பெனிக்காரனுங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா.

ஒடம்பு சரியில்ல, சொல்லிடறேன். நீ சொன்ன மாதிரி நிதானிச்சுத்தான் எழுந்திரிக்கிறேன், இருந்தாலும் சுவரு ரெண்டா தெரியுது. மாடிப்படி நாலு ஏறினா அஞ்சாவது படியில உக்காந்துடுறேன். கை ஐஸ் மாதிரி. நேத்து எதிர் வீட்டு டீச்சரம்மா நாடி பிடிச்சுப் பாத்து, நிமிஷத்துக்கு நாப்பத்து நாலுதான் அடிக்குதுன்னு அவங்க மூஞ்சி மாறிடுச்சு. நான் சொன்னேன், மோட்டார் பழசு டீச்சர், சுமையைப் பாத்து ஓடுதுன்னு. அவங்க சிரிக்கல. உங்களை மாதிரி ஆளுங்க எல்லாம் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க போல.

இன்னொண்ணு. செவ்வாக்கிழமை எங்க லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள நான், டீச்சரம்மா, வாட்ச்மேன். நாப்பது வருஷம் மாட்டினவங்களை வெளிய எடுத்தவன் நானே மாட்டிக்கிட்டேன். கம்பெனி ஆளு வந்து சேர ஒரு மணி நேரம் இருபது நிமிஷம். காலையில தண்ணி மாத்திரை போட்டு முக்கால் மணிதான் ஆகியிருந்துச்சு. மீதியை எழுத மாட்டேன்.

அன்னையிலேர்ந்து ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. இவனுங்க ஏழு பேரும் வர்றதுக்கு முன்னாடி எனக்கு நெஞ்சு வலி மட்டும்தான் இருந்துச்சு. இப்ப இருமல், எரிச்சல், கால் வலி, தலை சுத்தல், மானக்கேடு எல்லாம் இருக்கு. ஞாயித்துக்கிழமையோட மொத்தப் பேரையும் காலி பண்ணச் சொல்லிடலாமான்னு பாக்கறேன். ஒரு வாரம் விட்டுப் பாத்தா என்ன ஆயிடும்.

மச்சான் விஷயம் நீ எழுதியிருந்த. அதுல ஒண்ணு... சரி, விடு. நீ சொன்னபடியே இருக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 19, மத்தியானம்

அண்ணா,

தபால் பதினோரு மணிக்கு வந்தது. பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு உன் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் எழுதியே ஆக வேண்டும்.

உன் படத்தில் பொடி எழுத்து இரண்டும் ஒன்றேதான், நீ தப்பாக வரையவில்லை. பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர், பொடி எழுத்துதான் மருந்தின் பெயர். வெள்ளையும் ரோஸும் ஒரே மருந்து. கடையில் வெள்ளைக் கம்பெனி தீர்ந்துபோய், அதற்குப் பதிலாக ரோஸைக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்த்ததில்லை. நீ மிச்சமிருந்த வெள்ளையையும் விடாமல் போட்டிருக்கிறாய். ஒரு மாதமாக இரண்டு பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறாய். அதுதான் நாற்பத்து நாலு.

வெள்ளை அட்டையை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிடு. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ, இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் காட்டு. ஆனால் ரோஸை விட்டுவிடாதே. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கடிதம் வருவதற்குள் போய்விட்டது. நீ நிறுத்தினாயா இல்லையா? வாட்ச்மேனிடம் கேட்டேன், எனக்குத் தெரியாதும்மா என்கிறார். ஐந்து நாளாக நீ எதைப் போட்டாய், எதைப் போடவில்லை என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொருவரையும் இப்படியே இழக்க எனக்குத் தெம்பு இல்லை.

மச்சான் விஷயத்தில் "அதுல ஒண்ணு" என்று எழுதி விட்டுவிட்டாய். அது என்ன?

மார்ச் 24

அடியே தங்கச்சி,

நிறுத்தல. மொதல்ல அதைச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு பேரையும் மேசையில வரிசையா நிக்க வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். தைரியம் வரல. காலையில போட வேண்டியவனுங்களை வழக்கம் போல விழுங்கிட்டேன். வீரம் பேசுறது வேற.

வியாழக்கிழமை வாட்ச்மேன் மூணு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்தாரு. கதவைத் திறந்ததும் ஒரு பேச்சும் இல்ல, உள்ள வந்து வெள்ளை அட்டையைப் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. யோவ், என்ன இதுன்னா, உங்க தங்கச்சி சொன்னாங்க, புடுங்கலைன்னா என் வேலை போயிடும்னாங்கன்னாரு. அவருக்கு நீ எப்ப முதலாளி ஆனே. என்னை ஆட்டோவுல ஏத்தி, அவரும் கூடவே உக்காந்தாரு. கைதி மாதிரி போனேன்.

டாக்டர் இந்த தடவை கம்ப்யூட்டரைப் பாக்கல. ரெண்டு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு நாள் படுக்க வச்சு நெஞ்சுல ஒயரை ஒட்டிப் பாத்தாங்க. நேத்து நாடி அம்பத்தெட்டு. இருமல் வாத்தியாருக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் குடுத்துட்டாரு. யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாரு. எனக்கு நீங்கள்னு லெட்டர் போடுற ஒருத்தின்னு சொன்னேன். அதுக்குள்ள நீன்னு மாறிட்ட, கவனிச்சேன். ஒண்ணும் சொல்லல.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். மூணு காகிதம் கிழிச்சுப் போட்டாச்சு.

லிஃப்ட்டுல மீதியை எழுத மாட்டேன்னு சொன்னேன்ல. எழுதறேன். அடக்க முடியல. அந்த டீச்சரம்மா நல்லவங்க, மூலைப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. வாட்ச்மேன் தன் தொப்பியைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த மரியாதைதான் தாங்கல. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு மச்சான் மட்டும்தான் ஞாபகத்துல இருந்தான்.

அவன் ஓட்டினது காலை ஆறு மணி பஸ்ஸு, நடுவுல நிறுத்தம் இல்லாத நாலு மணி நேர ரூட்டு. அஞ்சரைக்கு அவனும் இதே தண்ணி மாத்திரையைப் போட்டுட்டு ஏறுவான். பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க, டிரைவர் எங்க நிறுத்தி எறங்குவான். ஒரு நாள் சீட்டுலயே ஆயிடுச்சு. கண்டக்டர் பாத்துடக் கூடாதுன்னு தண்ணி பாட்டிலைத் திறந்து தன் மடியில தானே கொட்டிக்கிட்டு, பாட்டில் கவுந்துடுச்சுன்னான். பணிமனையில என்னைக் கூப்பிட்டு, பெஞ்சுல உக்காந்து சொன்னான். சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கல. மறுபடி ரெண்டு தடவை ஆச்சாம்.

மாத்திரையை விடப் போறேன்னான். உன்கிட்ட சொல்லுடான்னேன். அவகிட்ட இதை எப்படிடா சொல்லுவேன்னான். அப்புறம் ஒண்ணு கேட்டான். நீதான் எல்லாரையும் கிண்டல் பண்ணுவியே, ஒரு நாள் எல்லாரும் இருக்கறப்ப என் டப்பாவைக் கிண்டல் பண்ணு, உன் பேச்சுக்கு ரோஷப்பட்டு மாத்திரையை விட்டதா இருக்கட்டும், அவ வேற காரணம் தேட மாட்டான்னான்.

அதைத்தான் உன் மேசையில செஞ்சேன். அவன் சொல்லிக் குடுத்த வசனம் அது. தண்ணி மாத்திரையை மட்டும் விடுவான்னு நினைச்சேன். மொத்த டப்பாவையும் தள்ளுவான்னு நினைக்கல. அவனும் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாதவன்தான், என்னை மாதிரி.

நீ என்னைத் திட்டினது தப்புன்னு சொல்ல வரல. தெரிஞ்சுக்கிட்டே இருபத்தாறு நாள் சும்மா இருந்தேன். உன் வாசல் வரைக்கும் ஒரு தடவை வந்துட்டுத் திரும்பிட்டேன். அவன் மானமா உயிரான்னு எனக்குள்ள கேட்டப்ப, உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானே பதில் சொல்லிக்கிட்டேன். அவன் போன பிறகும் அவனை அப்படி உனக்குக் காட்டிக் குடுக்க மனசு வரல. இப்ப நானே நனைஞ்சவன், இனிமே எழுதலாம்னு தோணுச்சு.

இதுக்கு மேல கிண்டல் ஒண்ணும் வரல.

உன் அண்ணன்

மார்ச் 30

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். மறுபடி உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாளாக எதை எழுதுவது என்று தெரியாமல் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஜன்னலை மூன்று முறை துடைத்தாயிற்று.

பாட்டில் கவிழ்ந்தது என்றுதான் என்னிடமும் சொன்னார். அந்தக் காக்கிக் கால்சட்டையைத் துவைத்தவள் நான். தண்ணீருக்கு வாடை கிடையாது, அண்ணா.

நீ மூன்று என்று எழுதியிருக்கிறாய். என் கைக்கு வந்தது ஐந்து. அவர் அலசிப் போட்டுவிட்டுத்தான் கூடையில் வைப்பார், இருந்தாலும் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் கூசிப்போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கவுண்டரில் நாற்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு அது எந்த மாத்திரையின் வேலை என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறுநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதே மாத்திரையை என் கையால்தான் நீட்டினேன். உறையில் "காலை ஒன்று" என்று இருந்தது. அது என் கையெழுத்து.

காலை ஒன்று. ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்கு எழுதியிருப்பேன். கொத்தனாருக்கு, காவலாளிக்கு, பஸ் டிரைவருக்கு, எல்லாருக்கும் ஒரே எழுத்து. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. வரிசை நகர வேண்டும், அடுத்த ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். அவருடைய பஸ் இரண்டு மணிக்குப் பணிமனைக்குத் திரும்பிவிடும். இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அந்த ஒரு மாத்திரையை மட்டும் மத்தியானம் வீட்டில் போடச் சொல்லியிருந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டியிருக்காது. இன்றைக்கு இங்கே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் யோசித்துவிட்டேன். அப்போது அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேசையில் நீ பேசினாய், அவர் தள்ளி வைத்தார், எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. உன் வாய் எனக்கு வசதியாக இருந்தது. அவர் என்னைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். வேறு காரணம் தேட மாட்டாள் என்று.

நீ வாசல் வரை வந்து திரும்பியதை நான் மன்னிக்கவில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன, எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். எல்லா அட்டைகளையும் மேசைமேல் எடுத்து வை, மிச்சம் மீதி எதையும் டப்பாவில் ஒளிக்காதே. அந்தத் தண்ணீர் மாத்திரையை எத்தனை மணிக்கு வைப்பது என்று சனிக்கிழமை உன் டாக்டரிடம் பேசப் போகிறேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்பார், எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுகிறாய், எப்போது வெளியே போகிறாய், எந்நேரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருக்கிறாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் கேட்டதில்லை.

உன் ஒரு நாள் எப்படிப் போகிறது, அண்ணா?